சாலையை வென்ற அல்போன்சினா

பாடாங் செராய் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் மிதிவண்டியே குடும்பத்தின் வாகனமாக இருந்தது. விடியுமுன் வேலைக்காட்டுக்குச் செல்லவும் பட்டணத்தில் சாமான் வாங்கி வரவும் அதுவே உதவியது. நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டு ஏழை மக்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். அத்தகைய எளிய குடும்பத்தில் பிறந்து, ஆண்களோடு பந்தயச் சாலையில் இறங்கியவர் அல்போன்சினா ஸ்திராடா.

அல்போன்சினா 1891ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வட இத்தாலியில் பிறந்தார். அவருடைய தந்தை கூலித் தொழிலாளி. அல்போன்சினாவுக்குச் சுமார் பத்து வயதானபோது தந்தை பழைய மிதிவண்டி ஒன்றை வீட்டிற்குக் கொண்டு வந்தார். அதில் ஓட்டிப் பழகிய சிறுமிக்கு வேகத்தின் மீது தணியாத ஆர்வம் பிறந்தது. பெண் மிதிவண்டி ஓட்டுவதை ஊரார் ஏளனம் செய்தனர், பெற்றோரும் விரும்பவில்லை. அல்போன்சினா தையல் வேலை செய்துகொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். 1915இல் அவரை மணந்த லூயிஜி ஸ்திராடா, திருமணப் பரிசாகப் பந்தய மிதிவண்டி ஒன்றையே வழங்கி ஊக்கமளித்தார்.

அன்று மிலான் நகரிலிருந்து புறப்பட்ட லொம்பார்டி பந்தயம் அக்காலத்திலேயே புகழ்பெற்றது. அது ஒரே நாளில் நடந்து முடியும் பந்தயம். பல நாள் பந்தயத்தில் இன்று இழந்த நேரத்தை நாளை ஈடுகட்டலாம். ஒருநாள் பந்தயத்தில் அந்த வாய்ப்பு இல்லை. 1917இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் வீரர்கள் பலர் போர்முனையில் இருந்தனர். பெண்கள் பங்கேற்கக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதப்படவில்லை. எனவே, அல்போன்சினா துணிந்து பெயர் கொடுத்தார்.

ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கரடுமுரடான பாதை. வெற்றி பெற்ற பிலிப் தீஸ் எல்லையை அடைந்து ஒன்றரை மணி நேரத்திற்குப் பின்னரே அல்போன்சினா வந்து சேர்ந்தார். அவர் கடைசியாக வந்தவர்களுள் ஒருவர். ஆனால், வழியிலேயே விலகிய ஆண்கள் பலர். மறு ஆண்டும் அவர் அதே பந்தயத்தில் கலந்துகொண்டு 21ஆவது இடத்தைப் பிடித்தார். இம்முறை வெற்றியாளருக்கும் அவருக்கும் இடையே இருந்தது 23 நிமிட இடைவெளியே.

1924இல், 3,600 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவுடைய இத்தாலி சுற்றுப் பந்தயத்திலும் அவர் இறங்கினார். மழையும் காற்றும் வீசிய ஒரு நாளில் அவருடைய மிதிவண்டியின் கைப்பிடி உடைந்தது. துடைப்பக் கட்டையைப் பொருத்திக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். குறித்த நேரம் கடந்துவிட்டதால் அவருடைய பெயர் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனினும், தொடர்ந்து ஓட்ட அனுமதி பெற்று மிலான் வரை வந்து சேர்ந்தார். புறப்பட்ட 90 பேரில் போட்டியை முடித்தவர்கள் 30 பேரே.

அதன்பின் அப்பந்தயத்தில் பங்கேற்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் மனம் தளராமல் வேறு பந்தயங்களில் ஓட்டினார். பிற்காலத்தில் மிலானில் மிதிவண்டிக் கடை நடத்திய அவர், 1959இல் காலமானார். பெண்களுக்கென தனி இத்தாலி சுற்றுப் பந்தயம் 1988இல்தான் தொடங்கப்பட்டது. அந்தப் பாதையில் முதல் தடம் பதித்தவர் முதலிடம் பெற்றவர் அல்லர். கடைசியாக வந்தாலும் இடையில் நிற்காதவர்.