கணக்கில் ஏறாத செலவு: ஜே.சி. குமரப்பாவின் வாழ்வும் நூல்களும்

கணக்கியல் படிக்கும் நம்மில் எத்தனை பேர் ஜே.சி. குமரப்பாவைக் கேள்விப்பட்டிருப்போம்? நான் மூன்றாம் ஆண்டில்தான் கேள்விப்பட்டேன். நிலைத்தன்மை அறிக்கை குறித்து விரிவுரையாளர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் இருந்த பெயர்கள் அனைத்தும் மேல்நாட்டுப் பெயர்கள். அவற்றுள் ஒன்று ஷூமாக்கர் 1973-இல் எழுதிய ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் என்னும் நூல். அதைப் புரட்டியபோது, பௌத்தப் பொருளாதாரம் பற்றிய பகுதியில் தமிழ்ப் பெயர் ஒன்று கண்ணில் பட்டது. அந்தப் பெயரைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். இளைஞர் லண்டனுக்குச் சென்று கணக்காய்வாளர் தகுதி பெற்றார். அங்கேயே சில காலம் வேலையும் பார்த்தார். 1919-இல் தாயாரின் விருப்பப்படி இந்தியா திரும்பி, பம்பாயில் கூட்டாளியோடு சொந்தத் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். ஆங்கிலேய உடை, ஆங்கிலேயப் பழக்கவழக்கம், நல்ல வருமானம். அப்படியே இருந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம்.

1927-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் முடித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றார். அக்காலத்தில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று உரையாற்றினார். அச்செய்தி நாளிதழில் வந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்த கணக்காய்வாளருக்கு உண்மை விளங்கியது. மக்களிடம் வாங்கும் வரியில் பெரும்பங்கு இராணுவத்துக்கும் நிர்வாகத்துக்கும் கடனுக்கும் போய்க்கொண்டிருந்தது. வரி கொடுத்தவனுக்குத் திரும்பியது சொற்பம். ஒருவர் தேசியவாதியாக மாறியது மேடைப் பேச்சைக் கேட்டு அல்ல, வரவு செலவுக் கணக்கைப் படித்து என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை அவர் மீண்டும் சூட்டிக்கொண்டதும் 1929-இல்தான்.

அதே ஆண்டு மே மாதம், ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணத்தோடு சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். மரத்தடியில் ஒரு முதியவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நின்று பார்த்த பிறகே அவர்தான் காந்தி என்று தெரிந்தது. நல்ல மேல்நாட்டு உடையோடு சாணம் மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் குமரப்பா. காந்தி அவரைக் குஜராத்தின் மாதர் வட்டத்துக்கு அனுப்பினார். வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாக வருமானம், கடன், நிலம், மாடு என்று கணக்கெடுத்தார்.

அவருடைய கறார்த்தனத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பா பார்த்தார். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை அணா என்று வரம்பு கட்டியிருந்தார். காந்தியும் அவரோடு வந்தவர்களும் வந்தபோது, அவர்களுடைய செலவு வரம்பை மீறியது. நிவாரண நிதியிலிருந்து அதைத் தர இயலாது என்று காந்தியின் செயலாளரிடமே சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் பணம் யாருக்காகவும் வளையாது என்பது அவர் கணக்கு. அந்த ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது காந்தி அவரையே செயலாளர் ஆக்கியதில் வியப்பில்லை. வார்தாவில் செக்கு, கைக்குத்தல் அரிசி, கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு என்று பரிசோதனைகள் நடந்தன.

இனி நூல்களுக்கு வருவோம். 1936-இல் கிராம இயக்கம் ஏன் என்று கேட்கும் நூலை எழுதினார். 1942-க்குப் பின் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனை பற்றியது. மற்றொன்று எகானமி ஆஃப் பெர்மனன்ஸ், அதாவது நிலைத்த பொருளாதாரம். காந்தியின் முன்னுரையோடு அது 1945-இல் வெளிவந்தது. நிலைத்த வளர்ச்சி என்னும் சொல்லை ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் அறிக்கை 1987-இல்தான் உலகெங்கும் பரப்பியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, நிலக்கரியும் பெட்ரோலியமும் எடுக்க எடுக்கக் குறையும், மரமும் பயிரும் முறையாகப் பேணினால் வந்துகொண்டே இருக்கும், குறைவதை நம்பி வாழும் நாடுகள் அதற்காகச் சண்டையிடும் என்று ஒரு தமிழர் சிறைக்குள் எழுதியிருக்கிறார்.

அந்நூலில் அவர் பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். உதாரணங்கள் எல்லாம் இயற்கையிலிருந்து வருகின்றன. ஆட்டைக் கொன்று தின்னும் புலி முதற்படி. தான் வளர்க்காத மாந்தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கு இரண்டாம் படி. உழைத்துத் தேன் சேர்த்து, சேர்க்கும்போதே பூவுக்கு மகரந்தமும் கொண்டுபோகும் தேனீ அடுத்தது. தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காக உழைப்பது நான்காவது. பலன் பாராமல் குஞ்சுக்கு இரை தேடித் தரும் தாய்ப்பறவை உச்சிப்படி. மலேசியப் பங்குச் சந்தை 2015-இல் விதிகளைத் திருத்தி, பட்டியலிலுள்ள நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்றது. வகுப்பில் அத்தகைய அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், இந்த நிறுவனம் புலியா, குரங்கா, தேனீயா என்று என் மனம் தானாகத் தரம் பிரிக்கிறது. வழவழப்பான தாளில் அச்சிட்ட குரங்குகள் நிறைய உண்டு.

ஆயினும் என்னை உலுக்கியது அவருடைய கோக்கோ டின் உதாரணம்தான். கடையில் ஒரு டின் கோக்கோ வாங்குபவர் விலையைக் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். குமரப்பா விடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தக் கோக்கோவைக் கட்டாய உழைப்பில் விளைவித்திருந்தால், பலவந்தத்தால் பிடித்துவைத்த கடல்வழியில் கொண்டுவந்திருந்தால், தொழிற்சாலையில் தொழிலாளியைப் பிழிந்து டின்னில் அடைத்திருந்தால், வாங்குபவருக்கும் அவற்றில் பங்கு உண்டு என்கிறார். பணம் கைமாறும்போது பொருளின் வரலாறு மறைந்துபோகிறது, ஆனால் அழிந்துபோவதில்லை.

நான் லெம்பா பெர்த்தாமில் வளர்ந்தவன். என் பாட்டி கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவர் பறித்த கொழுந்தின் எடை அன்றாடம் கிராணியின் ஏட்டில் ஏறியது. அட்டைக்கடியும் ஈரத்தில் நின்ற காலும் முழங்கால் வலியும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தேயிலைப் பொட்டலத்தின் விலையில் அவை எங்கே இருக்கின்றன? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது தஞ்சாவூர்க்காரரின் கோக்கோ டின்.

மண்ணுக்கும் இதே கதைதான். மலைச்சரிவைக் காய்கறிக்காக வெட்டிச் சமன் செய்தால், மழைக்கு மண் கரைந்து பெர்த்தாம் ஆற்றில் இறங்குகிறது. எங்கள் ஆறு பல நாட்கள் பால் கலந்த தேநீர் நிறத்தில்தான் ஓடும். அந்த வண்டல் சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்தது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, லெம்பா பெர்த்தாமைச் சேற்று வெள்ளம் தாக்கியது. வீடுகள் போயின, உயிர்களும் போயின. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. காட்டை அரசின் வருமானத்துக்காக அல்லாமல் மக்களின் தேவைக்காகவே பராமரிக்க வேண்டும் என்று குமரப்பா எழுதியதை இன்று படிக்கையில், கிலோ இத்தனை ரிங்கிட் என்று கோலாலம்பூர்ச் சந்தையில் விற்ற முட்டைக்கோசின் விலையில் அந்த இரவு சேர்க்கப்படவில்லை என்று தோன்றுகிறது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. கிராமம் தன் தேவைக்கு முதலில் உணவு விளைவிக்க வேண்டும், விற்பனைப் பயிர் பிறகு என்பது அவர் கொள்கை. மலேசியத் தமிழர்களாகிய நாம் விற்பனைப் பயிரின் பிள்ளைகள். இரப்பரும் தேயிலையும் இல்லையென்றால் நம்மில் பலர் இங்கு இருந்திருக்க மாட்டோம். ஆனால் அவர் விரும்பியபடி தமிழ்நாட்டுக் கிராமங்கள் இருந்திருந்தால், நம் முன்னோர் கப்பல் ஏற வேண்டிய தேவையே வந்திருக்காதோ என்னவோ. இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-இல் அறிக்கை தந்தார். பெரிய தொழிற்சாலை, பெரிய அணை என்று நாடு வேறு பாதையில் நடந்தது. பழைய நண்பர்களே ஆட்சியில் இருந்தும் அவர் கண்டிக்கத் தயங்கவில்லை. அதனால் மெல்ல ஒதுங்கினார், அல்லது ஒதுக்கப்பட்டார். இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார். ஷூமாக்கரின் நூல் வெளிவந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.