பல்லாவரம் பள்ளத்தில் கிடைத்த ஒரு கல்... இந்தியாவின் கற்காலத்தைக் கண்டுபிடித்த ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

காஞ்சிபுரம் மாவட்டம் தென்னேரி பக்கம் போனால், ஊர் பெரியவர்கள் முதலில் ஏரியைத்தான் காட்டுவார்கள். சங்ககாலத் தொண்டைமான் இளந்திரையன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஏரி அது. சுமார் 2,000 ஆண்டுகள் பின்னால் போகிறோம், சரி. ஆனால் இந்த வட்டாரத்தில் மனிதர்களின் கதை அங்கே தொடங்கவில்லை. அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முன்பே இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அதை முதலில் கண்டுபிடித்தவர் வரலாற்று ஆசிரியர் அல்ல, பாறைகளை ஆராய வந்த ஒரு அரசு ஊழியர்!

யார் இந்த ஃபூட்?

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். எங்கே என்ன பாறை, எங்கே என்ன தாது என்று வரைபடம் போடுவதுதான் வேலை. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அவருடைய ஆய்வு எல்லைக்குள் வந்தது. குதிரை, கூடாரம், சுத்தியல் என மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது.

தமிழோடும் இவருக்கு ஒரு உறவு உண்டு. அவருடைய முதல் மனைவியின் தந்தை பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அதே பெர்சிவல்தான் ஃபூட்டின் மாமனார்.

1863 மே 30: அன்று நடந்தது என்ன?

பல்லாவரம் அப்போது ராணுவ முகாம். அங்கே மைதானத்தை ஒட்டி சரளைக்காக வெட்டிய ஒரு சின்னப் பள்ளம். வெளியே அள்ளிப்போட்ட மண்ணில் ஃபூட்டின் கண்ணில் ஒரு கல் பட்டது. குவார்ட்சைட் எனும் கடினமான பாறையில் செய்த கைக்கோடரி.

ஒரு கல்லை மனிதன் செதுக்கினானா, ஆறு உருட்டியதா என்று எப்படிச் சொல்வது? ஆற்றில் உருண்ட கல் கூழாங்கல்லாக வழவழவென்று இருக்கும். ஆள் செதுக்கிய கல்லில் இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்புகள் வரிசையாக இருக்கும். ஓரம் கூர்மையாக இருக்கும். கையில் பிடித்தால் சரியாக உட்காரும். ஒன்றிரண்டு சில்லு தற்செயலாகப் பெயரலாம். இருபது சில்லு ஒரே ஒழுங்கில் தானாகப் பெயராது இல்லையா?

ஃபூட்டுக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதே மாதிரி கற்கள், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கிடைத்திருந்தன. 1859-ல்தான் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவை மனிதன் செய்தவைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். டார்வினின் புகழ்பெற்ற நூல் வந்ததும் அதே ஆண்டுதான். உலகம் தோன்றியே சுமார் 6,000 ஆண்டுகள்தான் ஆகிறது என்று ஐரோப்பாவில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் செய்திகளைப் படித்திருந்த ஃபூட், இந்தியாவிலும் கிடைக்கலாம் என்று கண்ணைத் திறந்து வைத்துத் தேடியவர். இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஒரே ஒரு கல்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ம் தேதி, சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம் போனார். இன்றைய திருவள்ளூர் மாவட்டம். அங்கே கற்கருவிகள் மண் அடுக்குக்குள்ளேயே இருந்தன. அதாவது, யாரோ மேலே போட்டுவிட்டுப் போனவை அல்ல. அந்த மண் படிந்த காலத்துப் பொருட்கள்.

எத்தனை ஆண்டு பழமை?

ஃபூட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ரொம்பப் பழசு என்பது தெரியும். எவ்வளவு என்று அளக்க அந்தக் காலத்தில் வழியே கிடையாது.

பதில் வர சுமார் 150 ஆண்டு ஆனது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். 2011-ல் அறிவித்த முடிவுப்படி, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டு பழமையானவை. குறைத்துக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்கு மேல். 2018-ல் இன்னொரு முடிவும் வந்தது. கைக்கோடரியை விட்டுவிட்டு, சிறிய, நுட்பமான கருவிகளுக்கு மாறும் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மணல் துகள்கள் கடைசியாக எப்போது வெளிச்சத்தைப் பார்த்தன என்று கணக்கிடும் முறையில் கிடைத்த எண் இது.

வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியா?

15 லட்சம் ஆண்டு தமிழர் நாகரிகம் என்று அவ்வப்போது ஃபார்வர்டு வரும். அது தவறு. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் இன்றைய மனித இனமே அல்ல. நமக்கு முந்தைய மனித இனம். நம் இனம் உருவாகி சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்காததால், அவர்கள் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஊர், விவசாயம், மண்பானை எல்லாம் வெகு பிந்தைய கதை. கீழடியின் காலமே கி.மு. 6-ம் நூற்றாண்டு அளவில்தான் வருகிறது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்ப்பது, கொள்ளுத்தாத்தா வீட்டையும் டைனோசர் முட்டையையும் ஒரே பெட்டியில் வைப்பது மாதிரி.

நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பவும் ஃபூட்டே முதல் கல்லை வைத்தார். பெல்லாரி பகுதியில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளைச் சேகரித்தார். அங்கே குன்று போல் குவிந்து கிடந்த சாம்பல் மேடுகள் எரிமலைச் சாம்பல் அல்ல, மாடு வளர்த்தவர்கள் விட்டுப்போன சாணம் எரிந்த சாம்பல் என்றார். பல பத்தாண்டுகள் கழித்து நடந்த அகழாய்வுகள் அதை உறுதி செய்தன. தெற்கே வெண்கலக் காலம் என்று தனியாக ஒன்று தெரியவில்லை, கல்லிலிருந்து நேராக இரும்புக்கு வந்திருக்கிறார்கள் என்றும் கவனித்தார். இரும்பு இங்கே எப்போது தொடங்கியது என்ற விவாதம் இன்றும் சூடு குறையவில்லை.

கர்னூல் பில்லசுரங்கம் குகைகளில் மகன் ஹென்றியோடு வேலை செய்தார். 1891-ல் ஓய்வு. அதன்பிறகும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக நிலவியல் ஆய்வு.

கற்கள் இப்போது எங்கே?

40 ஆண்டுக்கு மேல், 450-க்கும் அதிகமான இடங்களில் சேகரித்தவற்றை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வைத்திருந்ததுதான் அந்தச் சேகரிப்பின் உண்மையான மதிப்பு. இடம் தெரியாத கல் வெறும் அலங்காரப் பொருள்தான். அந்தப் பட்டியல் அச்சாகி 1914-ல் வந்தபோது ஃபூட் இல்லை. 1912 டிசம்பர் 29-ல் கொல்கத்தாவில் இறந்துவிட்டார். ஓய்வுக்குப் பின் வாழ்ந்த ஏற்காட்டில், தூய திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது.

பல்லாவரத்தில் அந்தப் பள்ளம் இருந்த பகுதி இன்று நகரமாகிவிட்டது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் சரளை மண் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சாலைக்கும் மனைக்கும் லாரி லாரியாகப் போகிறது. அதில் இரண்டு பக்கமும் செதுக்கிய, உள்ளங்கை அளவு கல் கண்ணில் பட்டால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தமிழ்நாடு தொல்லியல் துறையிடமோ சொல்லலாம்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் (வெள்ளிக்கிழமை விடுமுறை). கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக் கருவிகளுக்கென்றே பூண்டியில் தொல்லியல் துறையின் தனி அருங்காட்சியகம் இருக்கிறது.