மன்றாடியார் நாயகம் இராமநாதன்

இலங்கை அரசின் சட்டத்துறையில் சட்டமா அதிபருக்கு அடுத்த நிலையிலுள்ளவர் மன்றாடியார் நாயகம் ஆவர். அரசுக்குச் சட்ட அறிவுரை வழங்குதலும் அதன்பொருட்டு நீதிமன்றிலே வாதாடுதலும் அவர்க்குரிய கடன்களாம். ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பதவியை அணிசெய்த தமிழர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

1851 ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, சட்டத்தரணியாகி, 1879 இற் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் அமர்ந்தார். பழந்தீர்ப்புக்களைத் திரட்டி அச்சேற்றியமையால் வழக்கறிஞருலகம் அவர்க்குக் கடமைப்பட்டது. 1892 இல் மன்றாடியார் நாயகமானார். சட்டமா அதிபராகவும் பதிற்கடமை புரிந்தார். 1906 இல் ஓய்வு பெற்றார்.

அரசின் பக்கம் நின்று நெடுங்காலம் வாதாடியவர் ஓய்வின்பின்னும் அரசின் சொல்லையே சொல்வார் என எண்ணியோர் உளராயின், 1915 ஆம் ஆண்டு அவர்தம் எண்ணத்தைப் பொய்யாக்கிற்று. அவ்வாண்டுக் கலகத்தையொட்டி ஜூன் 2 ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட இராணுவச்சட்டம், கலகம் சில நாட்களில் அடங்கிய பின்னரும் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. இராணுவ மன்றங்கள் தண்டனை விதித்தன. சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். 1911 இற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாய்த் தெரிவாகியிருந்த இராமநாதன், சபையிலே எழுந்து அக்கொடுமைகளைக் கண்டித்தார். கடல்கடந்து இலண்டன் சென்றும் முறையிட்டார். அவர் வாதம் முஸ்லிம் மக்களிற் பலர்க்கு மனத்தாங்கலை விளைத்ததும் உண்மையே. ஆயினும், இராணுவச்சட்டத்தின் எல்லை யாதென அரசுக்கே அவர் உணர்த்தியது மறக்கற்பாலதன்று.

1930 இல் அவர் மறைந்தார். பதவி ஆள்வோர் தருவது; சட்டமோ ஆள்வோரையும் கட்டுவது. இவ்வேறுபாட்டை அறிந்தவரே அப்பதவிக்கு அணியாவர்.