உப்பு இலாகாவில் ஒரு நாவலாசிரியர்

நாவலாசிரியர் என்ற அளவிலே, வேறு தொழிலின்றிச் சோலையிலும் ஆற்றங்கரையிலும் அமர்ந்து கற்பனையில் திளைப்பவர் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். தமிழ் நாவலின் தொடக்க காலத்தை நோக்கின் இவ்வெண்ணம் நில்லாது. 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர். அவருக்கடுத்த தலைமுறையினராகிய அ. மாதவையாவோ உப்பு இலாகாவின் ஊழியர். மிஷன் கல்லூரியொன்றில் பயின்றவராதலின், அவர் நமக்கு அயலாருமல்லர். அவர் எங்ஙனம் எழுதினார், எதனால் எழுதினார் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

மாதவையா 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெருங்குளத்திற் பிறந்தார். அக்கால வழக்கப்படி 1887-ல் அவருக்கு மணம் முடிந்தது. மணமகனுக்கு வயது பதினைந்து. மணமகள் மீனாட்சிக்குப் பதினொன்று. பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், வில்லியம் மில்லர் துரை முதல்வராய் வீற்றிருந்த நாளில், பயின்று 1892-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். மனைவியோடும் பாடப் புத்தகத்தோடும் ஒருங்கே வாழ்ந்த அக்காலத்து இளைஞர் எண்ணிறந்தோர். ஆயின் தாம் கண்ட குடும்ப வாழ்வையே வினாவுக்கு உட்படுத்தியவர் சிலரே. மாதவையா அச்சிலருள் ஒருவர்.

அவருடைய ஊக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இங்கேயே விடை கிடைக்கின்றது. இருபதாம் வயதில், விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் சாவித்திரி சரித்திரம் என்னும் தொடர்கதையைத் தொடங்கினார். சிறு பருவத்தில் மணமுடிக்கப்பெற்றுக் கைம்மை எய்தும் பெண்ணின் துயரமே அதன் பொருள். அத்தொடர் இடையிலே நின்றுபோயிற்று. அதே பத்திரிகையில் மறு ஆண்டு தொடங்கிய ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் இனிது நிறைவேறியது. நின்றுபோன கதையை மாதவையா கைவிட்டாரல்லர்; 1903-ல் முத்துமீனாக்ஷி என்ற பெயரால் அதனை முழு நூலாக்கினார். ஒரு பெண்ணின் வழக்கைப் பதினோராண்டு நெஞ்சில் வைத்திருந்து முடித்தமையை நாம் எளிதிற் கடந்துபோதல் இயலாது. அப்பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைத்திருப்பது நமக்கு மிகவும் உவப்பாயிருக்கின்றது.

இதற்கிடையே அவர் உப்பு இலாகாத் தேர்வில் முதல்வராகத் தேறி, தெலுங்கு வழங்கும் கஞ்சம் பகுதியில் உத்தியோகம் ஏற்றிருந்தார். அவ்வேலை எத்தகையது என்பதைத் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மாணவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களை நாம் கண்டிருக்கின்றோம். உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, விளைந்ததை வாரிக் குவிக்கும் தொழிலை இன்றும் அங்குக் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் அக்குவியல் ஒவ்வொன்றுக்கும் வரி உண்டு, கணக்கு உண்டு, வரி செலுத்தாத உப்பு வெளியேறாவண்ணம் காவல் உண்டு. நிழலற்ற வெண்பரப்பில் பகலெல்லாம் மேற்பார்வை செய்து, இரவில் நிறுவைக் கணக்கோடு இருப்பவருக்குக் கதாநாயகியின் கண்ணீரை நினைக்கப் பொழுது ஏது?

பொழுது இருந்தது என்பதற்கு நூல்களே சான்று. பத்மாவதி சரித்திரத்தின் முதற்பாகம் 1898-லும், இரண்டாம் பாகம் 1899-லும் வெளிவந்தன. சென்னைக்குக் கல்வி கற்கச் சென்ற இளைஞனையும், அவன் மனத்திற் புகுந்த ஐயத்தால் வருந்தும் மனைவியையும் அதிற் காண்கின்றோம். ஆங்கிலத்திலும் தில்லை கோவிந்தன், சத்தியானந்தா முதலிய நாவல்களை எழுதினார். தில்லை கோவிந்தன் 1916-ல் லண்டனிலும் பதிப்பிக்கப்பெற்றது. ஓய்வு கிடைத்தபின் எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் இவற்றுள் பெரும்பான்மையும் தோன்றியிரா.

1915-ல் வெளியான கிளாரிந்தா நம்மனோர் தனித்து நோக்கற்பாலது. கைம்பெண்ணாகி, 1778-ல் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பிய மராட்டியப் பிராமண மாதின் வரலாறு அது. அவ்வாலயம் 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. கிறிஸ்தவரல்லாத ஒருவர், தம் குலத்தினின்றும் விலகிச் சென்ற ஒரு பெண்ணைப் பழியாது நாயகியாக்கினார். அவர் மதம் பார்த்தாரில்லை. கைம்மையின் துன்பத்தைப் பார்த்தார்.

குறையும் உண்டு. அவர்தம் பாத்திரங்கள் சிற்சில இடங்களில் உரையாடுதலை விட்டுப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். சீர்திருத்தத்தில் அவருக்கிருந்த பேரார்வம் கதையை நெருக்குகின்றது. கலை நோக்கில் ராஜமையரே மேலானவர் என்பாரோடு நாம் வழக்கிடமாட்டோம்.

பணிக்காலம் முடியுமுன்னரே உத்தியோகத்தை விட்டு, மயிலாப்பூரில் வீடமைத்து, சொந்த அச்சுக்கூடமும் நிறுவினார். முழுநேரமும் எழுத்துக்கே உரியதாயிற்று. 1924-ல் பஞ்சாமிர்தம் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கி, கால் நூற்றாண்டுக்கு முன் விட்ட பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதலானார்.

அந்நாளிற் பட்டப்படிப்பில் தமிழுக்குக் கட்டாய இடம் இல்லை. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்து வகுப்பில் அமர்ந்திருக்கும் நமக்கு அந்நிலையை நினைத்துப் பார்ப்பதே அரிது. சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையின் உறுப்பினராயிருந்த மாதவையா, 1925-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள் கூடிய கூட்டத்தில், பி. ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்குதல் வேண்டும் என்று பேசினார். பேசிய அவையிலேயே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே நின்றது.