வானம் ஏறிய வனிதை

இங்கிலாந்தின் ஹல் நகரில், மீன் வணிகர் ஒருவரின் மகளாக 1903ஆம் ஆண்டு பிறந்தார் ஏமி ஜான்சன். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின் லண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் தட்டச்சராகப் பணிபுரிந்தார்.

ஓய்வு நேரத்தில் விமானச் சங்கத்தில் பறக்கப் பழகினார். அத்துடன் அமையவில்லை. கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கற்றார். 1929இல் தரைப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி இவரே.

1930 மே 5ஆம் நாள், பழைய ‘ஜிப்சி மாத்’ விமானத்தில் தன்னந்தனியே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். ஜான்சியில் இறங்கியபோது இறக்கை சேதமுற்றது. இரங்கூன் அருகே விமானம் பள்ளத்தில் விழுந்து, உந்துவிசிறியும் சக்கரமும் பழுதாயின. பழுது நீக்குவதில் நாட்கள் கழிந்தன. பதினைந்தரை நாள் சாதனையை முறியடிக்கும் கனவு கலைந்தது. ஆயினும் மனந்தளராமல் மே 24இல் டார்வின் நகரை அடைந்தார். அத்தொலைவைத் தனித்துக் கடந்த முதல் பெண் என்ற புகழ் அவருக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில், போர் விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் பணியை ஏற்றார். 1941 ஜனவரி 5ஆம் நாள், மோசமான வானிலையில் சென்ற அவரது விமானம் தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்தது. அவரைக் காக்கக் குளிர்நீரில் குதித்த கடற்படை அதிகாரியும் உயிர் நீத்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை.

அன்புத் தோழியரே! பரிசு கைநழுவிய பின்னும் பயணத்தை முடித்த அந்த உறுதி நமக்கும் வேண்டும்.