ஸர் ஆர்னால்டு லன்: சென்னையிற் பிறந்த பனிச்சறுக்கர்

எம்மூர் பழையசீவரம். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடுமிடத்திற்கு அணித்தே, நரசிங்கப்பெருமாள் கோயில் கொண்ட குன்றின் அடியில் அமைந்தது. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் என்றால் பலரும் அறிவர். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியையன்றி வேறு பனியை எம்மூரார் கண்டதில்லை. ஆயினும் சறுக்குதல் எமக்குப் புதிதன்று. சிறுவராயிருந்த காலத்துத் தென்னை மட்டையின்மேல் அமர்ந்து ஆற்றங்கரை மணற்சரிவில் இறங்குவோம். மணல் நொய்யது, விழுந்தாரை ஏந்திக்கொள்ளும். மழை விட்டபின் வழுவழுப்பேறிய ஏரிக்கரைக் களிமண்ணோ அத்தகைய அருள் உடையதன்று. அங்கே மட்டை நாம் எண்ணிய வழிச் செல்லாது, தான் எண்ணிய வழிச் செல்லும். முழங்காலின் தோலும் அதனுடன் செல்லும்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் உள்ள இவ்வேறுபாட்டையே, புதுப்பனிக்கும் இறுகிய பனிக்கும் உள்ள வேறுபாடாக வைத்துத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் ஒருவர் உளர். உலகம் முழுவதும் இன்று நடைபெறும் மலையிறக்கப் பனிச்சறுக்குப் பந்தயங்கட்கு விதி வகுத்தவர் அவரே. அவர் பிறந்த ஊர் சென்னை என்று ஒரு நூலிற் கண்டபொழுது யாம் முதலில் அச்சுப்பிழை என்றே கருதினோம். வேறு நூல்களைப் புரட்டிய பின்னரே நம்பினோம்.

அவர் தந்தையார் ஹென்றி லன் என்பார், மெதடிஸ்டு திருச்சபையின் குருவானவர், மருத்துவமும் பயின்றவர். 1887-ஆம் ஆண்டில் மிஷன் பணிக்காக இந்தியா போந்தார். 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சென்னையில் அவருக்கு மூத்த மகனாக ஆர்னால்டு பிறந்தார். சித்திரை வெயில் தொடங்கும் வேளையில் இந்நகரிற் பிறந்த குழவி பிற்காலத்துப் பனிமலைக்கே உரியவனாகும் என்று எச்சோதிடனும் கணித்திருக்க மாட்டான்! தந்தையாரின் உடல்நலம் குன்றவே அவ்வாண்டிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிற்று. அங்கே அவர், மிஷனரிமார் இந்தியாவில் வசதியாக வாழ்கின்றனர் என்று குறைகூறி எழுதிய கட்டுரைகள் பெரும்பூசலை விளைத்தன. சில ஆண்டுகளிற் குருத்துவப் பணியை விடுத்தார். பல திருச்சபையாரும் ஒருங்கு கூடி உரையாடுதற்பொருட்டு ஸ்விட்ஸர்லாந்தின் கிரிண்டல்வால்டில் 1892 முதல் அவர் கூட்டிய மாநாடுகளே, மக்களைக் குழுவாகப் பிரயாணம் அழைத்துச் செல்லும் தொழிலாக முடிந்தன. சமய ஒற்றுமைக்கு வித்திட்டவர் பிரயாணக் கம்பெனியை அறுவடை செய்தார் என்பது வியப்பே. மகனைப் பனிமலைக்குக் கொண்டுசென்றதும் அத்தொழிலே.

ஆர்னால்டு பத்து வயதில், 1898-ஆம் ஆண்டில், ஷாமோனியில் முதன்முதற் சறுக்குப்பலகையைக் காலிற் பூட்டினார். ஹாரோ பள்ளியிற் பயின்று ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரி புகுந்தார். 1908-ஆம் ஆண்டில், இருபது வயதினராய், ஆல்ப்ஸ் மலையிற் பலகை பூட்டிச் செல்வார்க்கென ஒரு கழகம் நிறுவினார். எம்மினும் ஓராண்டே மூத்தவர்! மறுவாண்டில் பெர்னீஸ் ஓபர்லாந்து மலைத்தொடரை ஒருமுனை தொடங்கி மறுமுனைகாறும் பலகையின்மீதே கடந்தார்.

அதே 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் பெருந்துன்பம் நேர்ந்தது. வேல்ஸ் நாட்டுக் காடர் இட்ரிஸ் மலையின் பாறைமுகட்டில் ஏறுகையிற் கைப்பற்றிய பாறை பெயர்ந்து, அவர் கீழே வீழ்ந்தார். காலெலும்பு தோலைக் கிழித்து முறிந்தது. காலை வெட்டியெடுக்க நேருமோ என்ற அச்சமும் இருந்தது. உயிரும் காலும் எஞ்சின. ஆனால் அக்கால் மற்றதினும் அங்குலக் கணக்கிற் குறுகிற்று. நோவு அவரை விட்டு முற்றும் நீங்கியதேயில்லை. இருபத்தோராம் வயதில் இவ்வாறு ஊனமுற்ற ஒருவர் மீண்டும் மலையை நாடினார் என்பதன் அருமை, பனிச்சறுக்கின் இயல்பை அறிந்தார்க்கே விளங்கும். ஆதலின் அதனைச் சிறிது கூறுவோம்.

புதிதாய்ப் பெய்த பனி பஞ்சு போன்றது, அதிற் பலகை புதைந்து செல்லும், திருப்புதலும் நிறுத்துதலும் எளிய, விழுந்தாலும் தீங்கில்லை. பனிக்காலத் தொடக்கத்தின் நிலை வேறு. அப்பொழுது பெய்த பனி சிறிது; அதன்மேல் ஓடுவோர் பலர். பகலிற் சிறிது உருகி இரவில் உறைந்து, மீண்டும் உருகி மீண்டும் உறைந்து, வழி முழுதும் கல்லாய் இறுகும். இக்காலத்தில் இரவுதோறும் பொறிவண்டிகள் சரிவின்மேல் ஊர்ந்து பனியை நிரவி, சீப்பால் வாரினாற்போல் வரிவரியாக்குகின்றன. இயற்கைப் பனி போதாதபொழுது நீரைத் துளியாகத் தெளித்து உறையச்செய்து பரப்புகின்றனர். அது பெய்த பனியினும் செறிவுடையது. ஆகவே மேலும் இறுகுவது. காலையில் முதலில் வருவார்க்கு வரிகள் அழகாகத் தோன்றும். நண்பகலுக்குள் பலகைகள் வரிகளைத் துடைத்தெறிய, அடியிலுள்ள சாம்பல்நிறப் பனிக்கட்டி ஆங்காங்கே பல் இளிக்கும்.

அதன்மேற் செல்வானைக் காப்பது பலகையின் விளிம்பு ஒன்றே. அஞ்சியவன் இயல்பாகவே மலைப்பக்கம் சாய்வான். சாய்ந்தவுடன் விளிம்பு பிடிவிட்டுக் கால்கள் பள்ளத்தை நோக்கி ஓடும். அஞ்சாது பள்ளத்தின் பக்கமுள்ள காலின்மேல் உடற்பாரத்தை வைத்து, முழங்காலை மடக்கி, பலகையை மெல்லச் சரித்து அழுத்துவானாயின் விளிம்பு பனிக்கட்டியைக் கவ்வும். திடுமெனத் திருப்பலாகாது, திடுமென நிறுத்தலுமாகாது. மரவிளிம்பு விரைவில் மழுங்கும். 1926-ஆம் ஆண்டிற் ஸால்ஸ்பர்க் நகரத்து ருடால்ப் லெட்னர் என்பார் பலகையின் ஓரத்தில் எஃகுப்பட்டை பதித்த பின்னரே இவ்விடர் பெரிதும் தீர்ந்தது. பள்ளத்துப் பக்கமாகும் கால் வளைவுதோறும் மாறும் என்பதை நேயர்கள் நோக்குக. இரண்டிலொரு வளைவில், முறிந்து குறுகிய கால்தான் லன் அவர்களின் பாரம் முழுவதையும் தாங்கியது. அக்காலோடுதான் 1917-ஆம் ஆண்டில் 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்துக்குப் பலகை பூட்டி ஏறினார். பலகையின்மீது அச்சிகரத்தை அடைந்தார் அதற்குமுன் எவருமிலர்.

விபத்துக்குப் பின் மற்றவர்களை ஓட்டுவிக்கும் பணியில் அவர் மனம் சென்றது. 1911-ஆம் ஆண்டு ஜனவரியில் மொன்டானாவில் முதல் இறக்கப் பந்தயத்தை நடத்தினார். பிளேன் மோர்ட் பனிப்பாறையைக் கடந்து ஊர்வரை இறங்கிய அப்பந்தயத்துக்குக் கிண்ணம் வழங்கியவர் கந்தகார் பிரபு ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாயிருந்தவர். ஆப்கானியப் போரில் அவர் பெற்ற பட்டமே கிண்ணத்துக்கும், 1924-இல் ம்யூரனில் லன் நிறுவிய கழகத்துக்கும் பெயராயிற்று. கந்தகாரைக் கண்ணாற் காணாத எத்தனையோ இளைஞர் அதன் பெயரைச் சட்டையில் தாங்கிப் பனியில் விழுந்தெழுந்தனர்!

முதற் பெரும்போரிற் காலின் ஊனத்தால் அவர் படையிற் சேரவியலவில்லை. ஸ்விட்ஸர்லாந்திற் காவலில் வைக்கப்பட்டிருந்த போர்க்கைதிகளின் நலம் பேணி ம்யூரனில் இருந்தார். அவ்வூரிலேதான் 1922-ஆம் ஆண்டில் அவருடைய பெயரை நிலைநிறுத்திய செயல் நிகழ்ந்தது. ஸ்லாலம் என்பது நார்வே நாட்டுப் பழஞ்சொல். சரிவில் இடும் தடம் என்பது பொருள். அந்நாள்வரை திருப்புந் திறத்தை நடுவர் அழகு நோக்கி மதித்து மதிப்பெண் இட்டனர். ஒருவர்க்கு அழகாகத் தோன்றுவது மற்றவர்க்கு அவ்வாறு தோன்றுவதில்லை. நடுவருக்கு வேண்டியவன் வெல்வதும் உண்டு. லன் இரட்டை இரட்டையாகக் கொடிகளை நட்டு வாயில்களாக்கினார். காட்டில் மரங்களினூடே விரைந்து இறங்குவான் திரும்ப வேண்டியவிடத்திற் திரும்பியே தீரவேண்டும் அன்றோ? அதுபோல ஓடுவான் எல்லா வாயில்களினூடும் புகுந்து வரல்வேண்டும், யாங்ஙனம் திரும்பினான் என்று எவரும் வினவார், கடிகாரமே நடுவர்.

இதனை நார்வே நாட்டார் ஏற்கவில்லை. சமவெளியில் நெடுந்தூரம் ஓடுதலும் மேட்டினின்று தாவுதலுமே அவர்கட்குப் பனிச்சறுக்கு; அக்கலையை உலகுக்குத் தந்தவர்கள் அவர்கள். பனியைப் பிறப்பிலறியாத ஆங்கிலேயர் விதி வகுப்பதோ என்னும் எண்ணம் அவர்களிடை இருந்ததிற் பிழை காண்பதற்கில்லை. லன் எழுதினார், வாதாடினார், மீண்டும் எழுதினார். 1930-இல் அனைத்துநாட்டுச் சங்கம் இசைந்தது. 1931-இல் ம்யூரனில் முதல் உலகப் பந்தயம் நடந்தது. மகளிர்க்கும் அதில் இடமிருந்தது. இறக்கம், ஸ்லாலம் இரண்டிலும் வென்றவர் எஸ்மி மக்கின்னன் என்னும் பதினேழு வயதுப் பெண். 1936-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரத்து ஒலிம்பிக் விழாவில் இவ்விரண்டும் இணைந்து முதன்முறையாக இடம்பெற்றன. ஸ்லாலத்துக்கு லன் அவர்களே நடுவர். அங்கே இறக்கப் பகுதியில் ஆடவரிலும் மகளிரிலும் முதலில் வந்தவர் இருவரும் நார்வே நாட்டார் என்பது அவர் நகைத்து மகிழ்தற்குரிய செய்தியே.

அவருடைய சமய வாழ்வு தனிக்கட்டுரைக்கு உரியது. கத்தோலிக்க மதம் புகுந்தாரைக் கண்டித்து 1924-இல் நூல் எழுதியவர், ரொனால்டு நாக்ஸ் என்னும் குருவோடு கடிதவாயிலாக வாதாடி, 1933-இல் தாமே அம்மதம் புகுந்தார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் வாதியை யாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

அவர் வாழ்வில் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்த நிகழ்ச்சி 1938-ஆம் ஆண்டினது. ஆஸ்திரிய நாட்டு ஸாங்க்ட் அன்டன் என்னும் மலையூரில் ஹன்னஸ் ஷ்னைடர் என்னும் பேராசான் இருந்தார். முழங்கால் மடக்கிக் குனிந்து ஓடும் முறையை ஐரோப்பாவுக்குக் கற்பித்தவர் அவர். அவரும் லன்னும் கூடி 1928-இல் தொடங்கியது ஆர்ல்பெர்க்-கந்தகார்ப் பந்தயம். 1938 மார்ச்சுத் திங்களில் அது நடைபெறும் தறுவாயில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. நாஜிகளைப் பொறாத ஷ்னைடர் சிறைப்பட்டார். எல்லாம் ஆயத்தமாயிருந்த நேரத்தில் லன் பந்தயத்தை நிறுத்திவிட்டார். நண்பன் சிறையிலிருக்க அவனூரில் கொடி நட்டு விளையாட அவர் மனம் ஒப்பவில்லை. பின்னர் விடுவிக்கப்பட்ட ஷ்னைடர் 1939-இல் அமெரிக்கா சென்று, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்திற் கலையைத் தொடர்ந்தார்.

முதுமையில் லன் அவர்கட்கு ஒரு மனக்குறை இருந்தது. பந்தயமும் மலையேற்றும் இழுவைக் கம்பிகளும் பெருகப் பெருக, மக்கள் மிதித்திறுகிய ஒற்றை வழியிலேயே ஏறியிறங்கலாயினர். காற்றுவீசிய பனி எது, வெயில் தின்ற பனி எது, எச்சரிவு சரிந்து வீழும் என்று கண்டறியும் அறிவு தேய்ந்தது. அவரோ 1921-இலேயே எல்லா உயரத்துக்கும் எல்லாப் பருவத்துக்கும் உரிய பனியின் இயல்பை நூலாக எழுதியவர். தாம் பெற்ற பிள்ளையே தம் முற்றத்தை அடைத்துவிட்டது போன்ற வருத்தம் அது. அவர் பக்கம் நியாயம் உண்டு. எனினும் இறுகிய வழியில்லையேல் புதியோர் பல்லாயிரவர் மலையைக் கண்டேயிரார் என்பதும் மெய்.

1965-இல் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பார் தம் மகளுக்காக இரு பலகைகளை ஒன்றாய்ப் பிணைத்தார். இரு காலையும் குறுக்காக ஒரே பலகையில் வைத்து இறங்கும் ஸ்னோபோர்டு அதினின்று வளர்ந்தது. இறுகிய பனியில் அது இன்னும் கடிது: விரல்புற விளிம்பு, குதிகாற்புற விளிம்பு என இரண்டிலொன்றே ஒருநேரத்திற் பற்றும், அது நழுவினால் ஊன்றிக்கொள்ள மறுகால் இல்லை. 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு புகுந்தபொழுது அதற்கும் வாயில்களே நடப்பட்டன. அதற்குமுன் 1964-இல் இன்ஸ்ப்ரூக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் இறக்கப் பந்தயத்தில் ஓடினார். லன் பிறந்த நாட்டின் பெயரும் அவர் வகுத்த பந்தயத்தில் ஒலித்தது.

1952-இல் ஸர் பட்டம் பெற்ற லன், 1974-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் இலண்டனிற் காலமானார். 1928-இல் அவருடைய கழகத்தார் பதினெழுவர் ஷில்தார்ன் மலையுச்சியினின்று லௌட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்குவரை இறங்கி, அவ்வோட்டத்துக்கு இன்ஃபெர்னோ, அஃதாவது நரகம், என்று பெயரிட்டனர். இன்றும் ஜனவரிதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ம்யூரனில் அதற்காகக் கூடுகின்றனர்.