மாமன்னர் அசோகரும் வதைக்கூடமும்

அறத்தின் அரசர் என்று உலகம் போற்றும் அசோகர், தொடக்கத்தில் அறவோராக வாழ்ந்தவர் அல்லர். சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் புதல்வருமான அவர், கி.மு. 268ஆம் ஆண்டையொட்டி முடிசூடினார். அந்நாளில் மக்கள் அவரைச் சண்டாசோகர், அதாவது கொடிய அசோகர், என்றழைத்ததாக அசோகாவதானம் என்னும் வடமொழி நூல் கூறும்.

அந்நூல் உரைக்கும் கதை இது. குற்றவாளிகளை வதைப்பதற்கென்று பாடலிபுத்திரத்தில் அரசர் ஒரு கூடம் கட்டுவித்தார். வெளித்தோற்றம் மாளிகை, உள்ளே நரகம். அதனை நடத்தக் கிரிகன் என்னும் கொடியவனைத் தேடிப் பிடித்தனர். உள்ளே நுழைந்த எவரும் உயிருடன் வெளியேறலாகாது என்னும் வரத்தை அவன் கேட்டான், அரசரும் அளித்தார். ஒரு நாள் சமுத்திரர் என்னும் பிக்கு, வீடென்று எண்ணிப் பிச்சைக்காக உட்புகுந்தார். குற்றமற்றவரென்று அறிந்தும் கிரிகன் அவரை விடவில்லை. ஆனால் கொப்பரையின் நெருப்பு அவரைச் சுடவில்லை. அவ்வதிசயத்தைக் காண வந்த அரசரையே, வரத்தைக் காட்டி, வெளியே விட மறுத்தான் கிரிகன். முதலில் உள்ளே நுழைந்தவன் நீயன்றோ என்று வினவிய அரசர், அவனுக்கு அவ்வரத்தின்படியே முடிவு கட்டிக் கூடத்தை இடித்தார்.

இது கதையே. எனினும் அதன் கருத்து ஆழமானது. வதைக்கூடம் தீயோனுக்கென்று கட்டப்பட்டது, அகப்பட்டவர் பிக்கு. அடுத்து அகப்பட இருந்தவர் அதனைக் கட்டியவரே.

வரலாற்றுச் சான்றுகளுக்கு வருவோம். முடிசூடி 8 ஆண்டுகள் சென்றபின் அசோகர் கலிங்கத்தை வென்றார். 1,50,000 பேர் நாடு பெயர்க்கப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். இத்தொகைகளைத் துயரத்தோடு கல்லில் பொறித்தவர் அவரே. முடிசூடிய 10ஆம் ஆண்டளவில் வேட்டைப் பயணத்தை விடுத்துப் புத்தகயைக்கு அறப்பயணம் சென்றார். அச்செய்தியைக் கூறும் 8ஆம் கல்வெட்டின் ஒரு துண்டு, நம் மும்பைக்கு வடக்கேயுள்ள சோபாராவில் 1882இல் கண்டெடுக்கப்பட்டது.

வென்ற கலிங்கத்தில், தோசாலி நகர அதிகாரிகளுக்கென்று தௌலியில் அவர் தனிக் கட்டளை பொறித்தார். மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்றும், காரணமின்றிச் சிறையும் வதையும் எவருக்கும் நேரலாகாது என்றும் அதில் அறிவுறுத்தினார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவை அதிகாரியை நெறி தவறச் செய்யும் என்று எச்சரித்தார். 5 ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளரை அனுப்பவும் ஏற்பாடு செய்தார்.

மரண தண்டனையை அவர் நீக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் தண்டனை பெற்றவருக்கு 3 நாள் அவகாசம் அளித்து, உறவினர் முறையிட வழி திறந்தார். 26 ஆண்டுகளுக்குள் 25 முறை சிறைவாசிகளை விடுவித்தார். கி.மு. 232ஆம் ஆண்டையொட்டி அவர் மறைந்தார்.

ஆயிரம் உயிரைக் காக்க ஒரு கொடியவனை வதைத்து உண்மையைக் கறந்தால் என்ன பிழை என்று இன்றும் கேட்போர் உளர். துன்பத்தில் துடிக்கும் உடல் உண்மையைச் சொல்லாது. துன்பத்தை நிறுத்தும் சொல் எதுவோ அதையே சொல்லும். மேலும், என்றோ ஒரு நாளின் அவசரத்துக்கென்று ஒரு கிரிகனை எல்லா நாளும் ஊதியம் கொடுத்து வைத்திருத்தல் வேண்டும். அவன் சும்மா இரான். அவனிடம் முதலில் அகப்படுபவர் யார்? கேட்க ஆளில்லாத ஏழையும் தொழிலாளியும் சேரிவாசியுமே.

இதனை நம் சட்டமும் ஓரளவு உணர்ந்துள்ளது. போலீஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. ஆனால் வதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, அதனை இன்னும் உறுதிசெய்யவில்லை.

அசோகச் சக்கரத்தைக் கொடியில் ஏந்திய நாடு இது. அவர் வதைக்கூடத்தை இடித்த கதையையும் அந்நாடு நினைவில் ஏந்துதல் தகும். நம் பகுதியில் ஒருவரைப் பிடித்துச் சென்றால், அவர் குற்றவாளியாயினும், அவர் உடலுக்குத் தீங்கு நேராதிருக்கக் காவல் நிலைய வாயிலில் சென்று நிற்போமாக. அதுவும் கருணையே, அதுவும் தம்மமே.